பக்கத்து வளவில் குழி வெட்டுகிறார்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பக்கத்து வளவில் பெக்கோ வைத்து 8 அடிக்குக் கிண்டியிருக்கிறார்கள். எங்கள் சுவருக்கும் குழிக்கும் இடையில் 4 அடிதான். மண் நேராக நிற்கிறதே, பயமில்லை என்கிறார்கள். (கல்லடி)

நிற்பது ஈரத்தால். அந்த ஈரம்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. வெயிலில் காய்ந்தாலும் சரி, ஒரு மழை ஊறினாலும் சரி, பிடி விட்டுவிடும். கடற்கரை மணலில் 1 அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி தள்ளி நிற்க வேண்டும். உங்கள் அத்திவாரம் 2 அடி ஆழம் என்றால், குழியின் அடி அதைவிட 6 அடி கீழே இருக்கிறது. ஆகவே குழி 9 அடியாவது விலகியிருக்க வேண்டும். 4 அடியில் பலகை அடித்து முட்டுக்கொடுக்காமல் வெட்டுவது தவறு. கிண்டிய மண்ணை விளிம்பில் குவிக்கவும் விடாதீர்கள்: ஒரு கன மீற்றர் ஈரமணல் ஏறத்தாழ 1.8 தொன். முட்டில்லாத குழிக்குள் எவரும் இறங்கக் கூடாது. இடுப்பளவு மண் மூடினாலே ஆளை இழுத்தெடுக்க முடியாது.

இன்றே சுவரைப் பாருங்கள். யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சீமெந்தால் ஒட்டுங்கள். அது உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது. அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

குழிக்குள் ஊறும் தண்ணீரை இரவு பகலாக இறைக்கிறார்கள். எங்கள் கிணறு இறங்கிவிட்டது. (காத்தான்குடி)

பம்பிலிருந்து வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால், தண்ணீரோடு உங்கள் வீட்டுக்கு அடியிலுள்ள மண்ணும் போகிறது. உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மணல் வராவிட்டாலும் ஆபத்து உண்டு. இந்தக் கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நீண்ட நாள் இறைத்து மட்டம் 1 அடி இறங்கினால், கீழேயுள்ள உப்பு 40 அடி வரை ஏற இடமுண்டு. ஏறிய உப்பு இலேசில் இறங்காது.

சுனாமியில் காணி உறுதி போய்விட்டது. காணியில் முன்பு என்ன இருந்ததென்று தெரியாது. அத்திவாரம் வெட்டலாமா? (கல்முனை)

உறுதி இருந்தாலும் எல்லையைத்தான் சொல்லும், நிலத்துக்கடியில் இருப்பதைச் சொல்லாது. பழைய கிணறு, கக்கூசுக்குழி, பங்கர், சுனாமி இடிபாடு புதைத்த இடம் எங்கே என்று அயலிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டுப் படம் கீறுங்கள். மழைக்குப் பின் வட்டமாகத் தாழும் இடத்தில் சந்தேகப்படுங்கள். கம்பி குத்திப் பார்ப்பது நல்ல வழிதான். ஆனால் முகாமோ பங்கரோ இருந்த காணியில் கூடாது. மட்டக்களப்பு மாவட்டம் 2017 இல் மிதிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் அம்பாறைக் காணியோ மட்டக்களப்புக் காணியோ, புதைந்த குண்டு எதுவும் இல்லை என்று எண்ண வேண்டாம். துருப்பிடித்த உருளை தெரிந்தால் பெக்கோவை நிறுத்தி, வந்த தடத்திலேயே விலகி, பொலிஸ் அவசர இலக்கமான 119 க்கு அறிவியுங்கள். எலும்பு வந்தாலும் கிண்டுவதை நிறுத்திப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கிண்டும் மணலை லொறியில் விற்கிறார்கள். தடுக்கலாமா? (ஏறாவூர்)

விற்பனைக்கு அகழ 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். ஏற்றிச் செல்லத் தனி அனுமதியும் வேண்டும். கிராம சேவகர், உங்கள் உள்ளூராட்சி சபை, பிரதேச செயலகம் மூன்றுக்கும் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். “பயமாக இருக்கிறது” என்று மட்டும் எழுதாமல், ஆழம் இத்தனை அடி, சுவரிலிருந்து தூரம் இத்தனை அடி என்று எழுதி, அளவு நாடா தெரியும்படி எடுத்த படத்தையும் இணையுங்கள். சுவர் சரியத் தொடங்கினால் கடிதத்துக்குக் காத்திராமல் வீட்டைவிட்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு அழையுங்கள்.