7/25 என்று போட்டிருந்தால் போதுமா?

கோவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பாங்காங் ஏரித் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும் புகைப்படம். 7/25 என்று எண்ணும் கையெழுத்தும் இருக்கிறது. விலை 65,000 ரூபாய். மூன்றே வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?"

படம் பிடித்திருந்தால் வாங்குங்கள். இரட்டிப்பை நம்பி என்றால் வேண்டவே வேண்டாம். இந்த வாக்கைக் கொடுப்பவர் பெரும்பாலும் படம் எடுத்தவராக இருக்க மாட்டார், நடுவில் நிற்கும் தரகர். மூன்று வருடம் கழித்து, "நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், போனை எடுக்க மாட்டார்.

25 பிரதிகளில் உங்களுடையது ஏழாவது, சரி. எந்த அளவில் 25? இதே ஏரி பெரிய அளவில் 10, மெட்டல் ஷீட்டில் 50 என்று தனித்தனி எடிஷனாக, அதாவது தனியாக எண் போட்ட பிரதிகளின் தொகுதியாக வரலாம். அமெரிக்காவில் புகைப்படக் கலைஞர் வில்லியம் எக்கிள்ஸ்டனின் பழைய பிரிண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தவருக்கு இதுதான் நடந்தது. 2012இல் அதே படங்களைப் பெரிய டிஜிட்டல் பிரிண்டாகப் போட்டு ஏலம் விட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். புது அளவு, புது முறை என்றால் அது புது எடிஷன் என்று 2013இல் தள்ளுபடி ஆனது. எடிஷன் விவரத்தைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று சட்டமே உள்ள நியூயார்க்கிலேயே இந்தக் கதி.

ஐரோப்பிய வரிச் சட்டம் தெளிவானது: எல்லா அளவும் சேர்த்து 30 பிரதிக்குள், கையெழுத்தும் எண்ணும் இருந்தால்தான் புகைப்படம் கலைப்பொருள். நம் சுங்கப் பட்டியலிலோ ஓவியம் கலைப்பொருள்களுக்கான 97ஆம் அத்தியாயத்தில், புகைப்படம் 49ஆம் அத்தியாயத்தில் காலண்டர், வாழ்த்து அட்டைகளோடு. புகைப்படமும் கலைதான் என்று எத்தனை வருடம்தான் சொல்லிக்கொண்டிருப்பது?

எண்ணிக்கையில் ஒரு விதிவிலக்கு. 'ஏ.பி.' (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று எழுதிய பிரதிகள் 25க்கு வெளியே இருக்கும். கலைஞர் தனக்கென வைத்துக்கொள்பவை. அது மோசடி இல்லை, பழைய வழக்கம்தான். இரண்டு மூன்று இருந்தால் பயப்படாதீர்கள். பத்து இருந்தால் உங்கள் 25 உண்மையில் 35. ஏ.பி.யும் ஒருநாள் விற்பனைக்கு வரும். அதனால் "ஏ.பி. எத்தனை?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தங்க ஹோலோகிராம் ஒட்டிய சர்டிபிகேட்டைப் பார்த்து மயங்காதீர்கள், அதை எந்த அச்சகத்திலும் அடித்துவிடலாம். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த பிரிண்டில் கையெழுத்தை லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடே இல்லை, நீலமும் கறுப்புமாகப் புள்ளிகள். படத்தோடு சேர்த்து அச்சடித்த கையெழுத்து! பாவம், மனிதர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பென்சிலில் போட்டிருந்தால் சாய்வெளிச்சத்தில் லேசாக மின்னும். காகிதத்தில் அழுத்தம் தெரியும். ஃபிரேமைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

படம் எடுத்தவரிடமே பேசுங்கள். எல்லா அளவிலும் சேர்த்து மொத்தம் எத்தனை, எந்தக் காகிதம், எந்த மை, இனிமேல் வேறு அளவில் போடுவாரா என்று அவர் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். பணத்தையும் அவர் கணக்குக்கே அனுப்புங்கள். தரகர் தன் கமிஷனை அவரிடம் வாங்கிக்கொள்ளட்டும்.

வாங்கிய பிறகு, கண்ணாடி படத்தைத் தொடாதபடி அமிலமில்லாத மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) போட்டு, வெயில் படாத, ஈரம் ஏறாத சுவரில் மாட்டுங்கள்.