உப்பளத்தில் எடுக்கும் படங்களில் முகம் மட்டும் கருத்து விழுகிறதா?

கேமராவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 முதல் +1.5 வரை ஏற்றுங்கள். வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளர்களைப் படம் எடுத்தால் முகம் கருத்து விழுகிறது, லென்ஸ்தான் காரணமோ என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸ் காரணமாக இருக்காது. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்க உப்பு என்றால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும்; உப்பு சாம்பலாகத் தெரியும், முகம்தான் கருத்துப்போகும்.

ஸ்பாட் மீட்டரிங்குக்கு (ஒரு சிறு புள்ளியில் மட்டும் ஒளியை அளப்பது) மாற்றி, காம்பன்சேஷனைப் பூஜ்யத்தில் வைத்து, கன்னத்தில் அளவெடுத்துப் பாருங்கள். முகம் தெளிந்தால் சிக்கல் அளவீட்டில்தான். கருத்த தோலில் அளந்தால் கொஞ்சம் அதிகமாகவே வெளுக்கும், காம்பன்சேஷனில் அரை ஸ்டாப் (-0.5) குறையுங்கள்.

பின்னால் உப்புக் குவியல் வெளுத்துப்போகும். போகட்டும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படம்) எடுத்தால் ஓரளவு மீட்கலாம். உச்சி வெயிலில் தலைத்துண்டின் நிழல் கண்ணில் விழுந்தால் மட்டும் இது போதாது.

அப்புறம், வேலையை நிறுத்தி நிற்கவைக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டு எடுங்கள்.