பித்தக்குழாயில் கல்: எண்டோஸ்கோப்பியா, லேப்ராஸ்கோப்பியா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. ஊர் உசிலம்பட்டி. வயிற்றுவலியும் மஞ்சள் காமாலையும் வந்ததால் மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் பல கற்கள். பித்தக்குழாயில் 9 மி.மீ. கல் ஒன்று, குழாய் 12 மி.மீ. விரிந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. எண்டோஸ்கோப்பியில் கல்லை எடுத்துவிட்டுப் பிறகு பித்தப்பையை நீக்கலாம் என்கிறார் ஒரு மருத்துவர். இரண்டையும் ஒரே லேப்ராஸ்கோப்பியில் முடிக்கலாம் என்கிறார் இன்னொருவர். உறவினர்களோ கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: கீழாநெல்லியை முதலில் பேசிவிடுகிறேன், நாள்கள் வீணாவது அங்கேதான். வைரஸ் கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். அந்த வைத்தியத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது அப்படித்தான். உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது அடைப்புக் காமாலை. குழாயை அடைத்த கல் பச்சிலைக்கு நகராது. வாழைத்தண்டுச் சாற்றுக்கும் கரையாது. காத்திருந்தால் தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகலாம், கணையமும் வீங்கலாம்.

இனி இரண்டு மருத்துவர்கள் சொன்னது. இருவருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எண்டோஸ்கோப்பி வழி என்பது இ.ஆர்.சி.பி. இந்த முறையில் கல் எடுப்பது 1974-இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தொடங்கியது. பெரும்பாலும் குப்புறப் படுக்கவைத்து, மயக்கம் கொடுத்து, வளையும் குழாயை வாய் வழியாகச் சிறுகுடலின் தொடக்கம் வரை செலுத்துவார்கள். பித்தக்குழாயின் வாய் குடலின் பக்கச் சுவரில் இருப்பதால், இந்தக் குழாயின் கேமராவும் பக்கவாட்டில்தான் பார்க்கும். பித்தக்குழாயின் வாய்க்குள் மெல்லிய கம்பியை நுழைத்துச் சாய மருந்து செலுத்தினால், எக்ஸ்ரே திரையில் கல் இருக்கும் இடம் மட்டும் சாயம் ஏறாமல் தனித்துத் தெரியும். அந்தக் குழாயின் வாயை மின்கம்பியால் சற்றே வெட்டி அகலப்படுத்தி, கல்லுக்கு மேலே சிறு பலூனை விரித்துக் கீழே இழுத்தால், கல் குடலில் விழுந்து மலத்தோடு போய்விடும். வயிற்றில் தழும்பு இல்லை.

இதிலும் ஆபத்து உண்டு. 100 பேரில் ஏறத்தாழ 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வருகிறது; பெரும்பாலும் லேசானது, சிலருக்குக் கடுமையாகிறது. இதைக் குறைக்க ஆசனவாய் வழியாக வலிநிவாரணி மருந்து வைப்பது இன்று வழக்கம். வெட்டிய இடத்தில் இரத்தக் கசிவும் நேரலாம். அம்மா இதயத்துக்காக இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

லேப்ராஸ்கோப்பி வழியில், அதாவது வயிற்றில் போடும் சிறு துளைகள் வழியாக, பித்தப்பையை எடுக்கும்போதே கல்லும் எடுக்கப்படும். சிறிய கல் என்றால் பித்தப்பையின் சிறுகுழாய் வழியாகவே எடுத்துவிடலாம். 9 மி.மீ. கல்லுக்குப் பெரும்பாலும் பித்தக்குழாயையே திறந்து, கல்லை எடுத்துத் தைக்க வேண்டியிருக்கும். 12 மி.மீ. விரிந்த குழாயில் அது இயலும். ஒல்லியான குழாயைத் திறந்து தைத்தால் பிற்பாடு சுருங்கிவிடக்கூடும். ஒரே மயக்க மருந்து, குறைந்த மருத்துவமனை நாள்கள், பித்தக்குழாயின் வாய் வெட்டப்படாமல் தப்புவது ஆகியவை இதன் பெரிய நன்மைகள். தையலில் பித்தநீர் கசிவதுதான் இதன் தொல்லை.

கல்லை முழுமையாக எடுப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? செய்பவரின் கையை வைத்துத்தான். குழாயைத் திறந்து தைக்கும் லேப்ராஸ்கோப்பியை வழக்கமாகச் செய்யும் மருத்துவர்கள் குறைவு. இரண்டாமவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இதை அடிக்கடி செய்கிறீர்களா? கல் வராவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?" தெளிவான பதில் வந்தால் ஒரே கட்டமாக முடிப்பதையே நான் விரும்புவேன். பதில் மழுப்பலாக இருந்தால் இ.ஆர்.சி.பி.தான் பாதுகாப்பு. இதற்கிடையே குளிர்காய்ச்சல் வந்தால் விவாதமே வேண்டாம். முதல் வேலை இ.ஆர்.சி.பி. செய்து பித்தநீரை வடியவிடுவது. பித்தப்பையை முன்பே எடுத்துவிட்டவர்களுக்கும் பொதுவாக அதுவே முதல் தேர்வு.

இ.ஆர்.சி.பி.யைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். கல் போய், காமாலை இறங்கி, அம்மா நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் "அறுவை சிகிச்சை எதற்கு?" என்று வீட்டில் பேச்சு எழும். பித்தப்பையில் கற்கள் இருக்கும்வரை இன்னொன்று குழாய்க்குள் இறங்கலாம். முடிந்தால் அதே தடவை மருத்துவமனையில் இருக்கும்போதே, இல்லாவிட்டால் இரண்டு வாரங்களுக்குள் பித்தப்பையை எடுத்துவிடுங்கள்.

கல் முழுதாக வராமல், பித்தநீர் வடிய பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தால், எடுக்க வேண்டிய தேதியை மருத்துவமனைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வழக்கமாக மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாததால் அதை மறந்துவிட்டு, அடைத்துச் சீழ் பிடித்த பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அது முற்றிலும் தவிர்க்கக்கூடிய துன்பம்.

செலவு தடையாக இருந்தால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் கேளுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை ஏற்பார்களா என்று சேரும் முன்பே விசாரியுங்கள்.

தேதி குறித்துக் காத்திருக்கும் நாள்களில் நடுக்கத்துடன் காய்ச்சல், குழப்பமான பேச்சு, முதுகுக்குப் பரவும் கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழைத்து மதுரைக்கு வந்துவிடுங்கள்.