டார்ச் அடித்துப் பாருங்கள்: வலம்புரியும் வெல்க்கும்

கேள்வி: வலம்புரிச் சங்கு என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு சாண் நீளம். காதில் வைத்தால் ஓசை கேட்கிறது. அசல்தானா? (வாசகர், காரைக்குடி)

பதில்: ஓசையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சுற்றுப்புறச் சத்தம்தான் சங்கின் குழிக்குள் அதிர்ந்து கேட்கிறது. காலி டம்ளரைக் காதில் வைத்தாலும் கேட்கும்.

டார்ச் அடித்து வாய்க்குள் ஆழமாகப் பாருங்கள். நடுத்தண்டின் குறுக்கே வரப்பு போல 3 அல்லது 4 மடிப்புகள் இருந்தால் அது மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் நம் சங்கின் இனம் (டர்பினெல்லா பைரம்). தண்டு வழவழப்பாகவோ, மங்கலான ஒரே மடிப்போடோ இருந்தால் அது அமெரிக்கக் கடலின் லைட்னிங் வெல்க் என்ற கடல் நத்தையின் ஓடு. வலம்புரி என்று பெரும்பாலும் ஏமாற்றி விற்கப்படுவது இதுதான். அளவில் ஒத்த நம் சங்கோடு ஒப்பிட்டால் ஓடு மெல்லியது, எடையும் குறைவு. தோள்பகுதியில் முண்டுகள் இருக்கும். அவற்றை ராவி மெருகேற்றிவிடுவதும் உண்டு. அதனால் வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். வெள்ளிக் கவசம் போட்டிருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், வாங்கும் முன்பே.

கேள்வி: வெல்க்கின் சுழி மட்டும் எப்படி வலம்புரியாக அமைகிறது?

பதில்: அதன் இயல்பே அது. நம் சங்கில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. வலம்புரி மிக அபூர்வம். லைட்னிங் வெல்க்கில் நேர்மாறு. சுழிமுனையை மேலே வைத்துப் பார்த்தால் வாய் இடப்பக்கம் இருக்கும். அறிவியலில் இடச்சுழி என்பது அதனால்தான். நாம் சுழிமுனையைக் கீழே வைத்துப் பார்க்கிறோம், வாய் வலப்பக்கம் வந்துவிடுகிறது.

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும், கடற்புல் படர்ந்த ஆழமில்லாத மணல்தரையில் பாதி புதைந்து வாழும். இரை, மட்டி வகைகள். தன் ஓட்டின் விளிம்பை மட்டியின் இடுக்கில் நெம்பித் திறந்து தின்னும். முட்டைக் கூடுகள் வில்லை வில்லையாக நாடாவில் கோத்த மாலை போல நீளும். ஒரு முனை மணலில் ஊன்றியிருக்கும். இளம் ஓட்டில் மின்னல் போன்ற பழுப்புக் கோடுகள் உண்டு, முதிர்ந்ததும் மங்கிவிடும். ஆகவே கோடு இல்லை என்பதால் அது வெல்க் இல்லை என்றாகாது. 1987 முதல் டெக்சஸ் மாநிலத்தின் அடையாளச் சிப்பி இது. அங்கே மதிப்போடு பார்க்கப்படும் உயிரினம், இங்கே வேறு பெயரில் விலைபோவது வருத்தம்தான்.

கேள்வி: சங்கில் படிந்த கறையை எலுமிச்சை போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கூடாது. ஓடு கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாமே அதைக் கரைக்கும். பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு போல வெளிறிவிடும், திரும்ப வராது. வெதுவெதுப்பான நீரில் 2 சொட்டு பாத்திரச் சோப்பு, பழைய பல்துலக்கி போதும். கழுவியபின் வாயைக் கவிழ்த்து வைத்து நிழலில் உலர்த்துங்கள்.