ஜப்பான் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜப்பானின் வெந்நீர் ஊற்றுக் குளியலில் ஆடையில்லாமல்தான் இறங்க வேண்டுமாமே? முறை என்ன?
– வாசகி, ஈரோடு

பதில்: ஆமாம். ‘ஒன்சென்’ தொட்டிகளில் பொதுவாக நீச்சலுடைக்குக்கூட அனுமதி இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கும். வாசலில் தொங்கும் திரைத்துணி பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. சில விடுதிகளில் இரண்டு பகுதிகளையும் வேளைக்கு வேளை மாற்றிவிடுவார்கள். அதனால் நேற்று போன வாசல்தானே என்று நுழைந்துவிடாதீர்கள்.

உடைகளைக் கூடையில் வைத்துவிட்டுச் சிறு துண்டோடு உள்ளே போங்கள். நம் ஊர்க்காரர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். தொட்டி ஊறுவதற்கு மட்டுமே. அழுக்கைப் போக்கிய பிறகுதான் அதில் இறங்க வேண்டும். சுவரோரம் குழாய்களும் அவற்றின் முன் குட்டை முக்காலிகளும் இருக்கும். உட்கார்ந்தே தேய்த்துக் குளியுங்கள். நின்றால் பக்கத்தில் இருப்பவர்மேல் நுரை தெறிக்கும். சோப்பு துளியும் இல்லாமல் அலசி, கூந்தலை உயர்த்தி முடிந்துகொள்ளுங்கள். துண்டு தொட்டித் தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி இருக்கும். மெல்ல இறங்குங்கள். முதல் தடவை 5 நிமிடம் போதும். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குவதால், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மது அருந்திவிட்டு இறங்கவே வேண்டாம். வெளியே வரும்முன் துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிடுங்கள். உடை மாற்றும் அறை நனையக்கூடாது. பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் விடமாட்டார்கள், முன்பே கேட்டுவிடுங்கள். கூச்சம் விடவில்லை என்றால், குடும்பத்துக்கு மட்டும் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குத் தரும் தனிக்குளியல் அறைகள் பல விடுதிகளில் உண்டு.

யார் வீட்டிலாவது தங்கினால் இன்னொன்று: தொட்டித் தண்ணீரை வீட்டார் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராகப் பயன்படுத்துவார்கள். குளித்ததும் திறந்துவிடாமல் மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவது நமக்கும் பழக்கம்தானே. அங்கே புதிதாக என்ன இருக்கிறது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எங்கே கால் வைக்கிறோம் என்பதுதான். வாசலை ஒட்டிய தாழ்ந்த தரை ‘கென்கான்’. அது தெருவைச் சேர்ந்தது. காலணியைக் கழற்றிய கால் அந்தத் தரையில் படாமல் நேராக மேல்தளத்தில் ஏற வேண்டும். பிறகு திரும்பி, காலணியின் முனை வாசலைப் பார்க்கும்படி வைத்துவிடுங்கள். உள்ளே தரும் செருப்பை ‘தத்தாமி’ பாய் விரித்த அறைக்கு வெளியே விட வேண்டும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு இருக்கும். அந்தச் செருப்போடு கூடத்துக்கு வந்துவிடுவது பயணிகள் அடிக்கடி செய்யும் பிழை.

கேள்வி: சைவர்கள் மிசோ சூப் குடிக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் இந்த சூப்பை விசாரிக்காமல் குடிக்காதீர்கள். அதன் அடிப்படைச் சாறான ‘தாஷி’யைப் பெரும்பாலும் உலர்ந்த சூரை மீன் சீவலில் எடுப்பார்கள். ‘இறைச்சி சாப்பிடமாட்டேன்’ என்று சொன்னால் போதாது, தாஷியில் மீன் உண்டா என்றே கேளுங்கள். ‘கொம்பு’ என்னும் கடற்பாசியில் மட்டும் எடுத்த சாறு என்றால் குடிக்கலாம். கோயாசான் மலையின் பௌத்த மடங்களில் தங்கினால் ‘ஷோஜின்’ சைவ உணவு கிடைக்கும். அதில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை.

கேள்வி: தெருவில் குப்பைத் தொட்டியே இல்லையாமே?
– வாசகர், சேலம்

பதில்: மிகக் குறைவு. 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சாரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் பல தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்துக்கொண்டு, குப்பையை அறைக்கே கொண்டு போங்கள். பானம் விற்கும் இயந்திரத்தின் அருகே இருப்பது காலி பாட்டிலுக்கும் டின்னுக்கும் மட்டும். வேறு எதையும் அதில் திணிக்காதீர்கள்.