தனியாக ஓட்டினால் தேறும் பிரௌசர் டெஸ்ட்டுகள் சேர்த்து ஓட்டும்போது மட்டும் ஏன் தோற்கின்றன?

ப்ளேரைட் (பிரௌசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) டெஸ்ட்டுகள் தனித்தனியே தேறுகின்றன, ஆனால் நான்கு வொர்க்கர்களில் (டெஸ்ட்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டும் தனித்தனி ப்ராசஸ்கள்) சேர்த்து ஓட்டினால் நடுவிலேயே லாகின் பக்கம் வந்து நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பில்லிங் செயலியில் இதே சிக்கலோடு நான் மூன்று நாட்கள் போராடியிருக்கிறேன்.

ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ப்ளேரைட் புதிய பிரௌசர் கான்டெக்ஸ்ட் (மற்றவற்றோடு கலக்காத தனி பிரௌசர் சூழல்) தருவதால் குக்கீயும் லோக்கல் ஸ்டோரேஜும் கலப்பதில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு பிரௌசரோடு முடிந்துவிடுகிறது. எல்லா டெஸ்ட்டுகளும் ஒரே கணக்கில் நுழைந்தால், சர்வருக்கு அவை அனைத்தும் ஒரே ஆள்தான்.

முதலில் வொர்க்கர் எண்ணிக்கையை 1 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். சிக்கல் மறைந்தால் டெஸ்ட்டுகள் ஒன்றையொன்று இடிக்கின்றன என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் அந்த எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள், ரீட்ரையை (தோற்ற டெஸ்ட்டை மறுபடி ஓட்டும் எண்ணிக்கை) கூட்டியும் சிக்கலை மூடிவிடாதீர்கள். தோற்ற டெஸ்ட்டின் ட்ரேஸை (ப்ளேரைட் எடுத்துவைக்கும் ஓட்டப் பதிவு) திறந்து, நெட்வொர்க் பகுதியில் முதல் 401 (லாகின் செல்லாது என்ற சர்வர் பதில்) எந்த நொடியில் வந்தது என்று குறித்துக்கொண்டு, அதே நொடியில் அதே பயனருக்கு வேறு என்ன நடந்தது என்று சர்வர் லாகில் தேடுங்கள். எங்களுக்கு அங்கே கிடைத்தது ஒற்றை வரி: இன்னொரு வொர்க்கரில் ஓடிய லாக்அவுட் டெஸ்ட் அனுப்பிய கோரிக்கை.

சேமித்து வைத்த ஒரே லாகின் நிலையை எல்லா டெஸ்ட்டுகளும் பயன்படுத்தியதுதான் காரணம் என்று நினைத்து, லாக்அவுட் டெஸ்ட்டை மட்டும் தானாகவே லாகின் செய்ய வைத்தோம். அப்படியும் மற்ற டெஸ்ட்டுகள் வெளியே தள்ளப்பட்டன. பிறகு சர்வர் கோடைப் படித்தபோதுதான், லாக்அவுட் செய்தால் அந்தச் செஷனை (ஒரு லாகினுக்கு சர்வர் வைத்திருக்கும் பதிவு) மட்டும் அல்லாமல் அந்தப் பயனரின் எல்லாச் செஷன்களையும் அது அழிப்பது தெரிந்தது. கடைக் கணினியில் பில் போட்டுக்கொண்டிருப்பவர் கைபேசியில் லாக்அவுட் செய்தால், பாதி பில்லோடு அவரும் இப்படித்தான் வெளியேற்றப்பட்டிருப்பார். ஆகவே டெஸ்ட்டைக் குறை சொல்வதற்கு முன், உண்மையான பயனர் ஒருவர் இரண்டு இடங்களில் நுழைந்திருந்தால் இதே நிலை அவருக்கும் வருமா என்று பாருங்கள்.

டெஸ்ட் பக்கத்தில் நிலையான தீர்வு, வொர்க்கருக்கு ஒரு கணக்கு என்று பிரிப்பதே. கணக்கைத் தேர்ந்தெடுக்க, ஒரே நேரத்தில் ஓடும் வொர்க்கர்களின் இட எண்ணான பேரலல்இண்டெக்ஸைப் (parallelIndex) பயன்படுத்துங்கள், வொர்க்கர்இண்டெக்ஸை (workerIndex) அல்ல. ஒரு டெஸ்ட் தோற்றால் ப்ளேரைட் புதிய வொர்க்கரைத் தொடங்கும், அப்போது ஒவ்வொரு புதிய வொர்க்கருக்கும் புதிதாகத் தரப்படும் வொர்க்கர்இண்டெக்ஸ் ஏறிக்கொண்டே போகும், அதை வைத்துத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் உருவாக்கி வைத்த கணக்குகள் போதாமல் போகும். நான்கு வொர்க்கர்கள் என்றால் பேரலல்இண்டெக்ஸ் 0 முதல் 3 வரையே இருக்கும். வரி விகிதம் போல எல்லோருக்கும் பொதுவான அமைப்பை மாற்றும் டெஸ்ட்டுகளுக்குத் தனிக் கணக்கு போதாது. மற்றவை முடிந்த பிறகு அவற்றைத் தனியாக ஓட்டுங்கள்.

செயலியில், அந்தச் செஷனை மட்டும் அழிக்கும்படி திருத்தினோம். ஒரே கணக்கில் இரண்டு கான்டெக்ஸ்ட்டுகளைத் திறந்து, ஒன்றில் லாக்அவுட் செய்தபின் மற்றொன்றில் பில் சேமிக்க முடிகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்றையும் அன்றே எழுதிச் சேர்த்தோம்.