ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது. இந்த வளைவை, உடலைச் சுற்றி அணியும் பிரேஸ் போட்டு நேராக்க முடியுமா?

நேராக்குவதைவிட, மேலும் வளையாமல் தடுப்பதுதான் பிரேஸின் வேலை. அதுவும் எலும்பு வளரும் வயதில் மட்டும்தான்.

எக்ஸ்ரேயில் வெறும் பக்கவாட்டு வளைவாகத் தெரிந்தாலும், முள்ளெலும்புகள் திருகவும் செய்கின்றன. அவற்றோடு விலா எலும்புகளும் திரும்பும். குனியச் சொன்னால் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் துருத்துவது அதனால்தான்.

வளைவின் உட்பக்கம் எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் பகுதி) அதிகம் அழுந்துகிறது. அழுத்தம் கூடினால் வளர்ச்சி குறையும். வெளிப்பக்கமோ வளர்ந்துகொண்டே போகும். முள்ளெலும்பு ஆப்பு மாதிரி ஆகி, வளைவு கூடி, அழுத்தம் இன்னும் ஏறும். இந்தச் சுழலை உடைக்கத்தான் பிரேஸ்: புடைத்த பக்கம் ஓரிடத்தில் தள்ளி, எதிர்ப்பக்கம் மேலும் கீழும் தாங்கிப் பிடிக்கும். பொதுவாக 25 முதல் 40 டிகிரி வளைவுக்குத் தருவார்கள். 2013-இல் வெளியான பெரிய ஆய்வில், வளர்ச்சி முடியும்வரை 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள் பிரேஸ் குழுவில் 72%, பிரேஸ் அணியாதவர்களில் 48%. தினம் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் இது 90%. ஆக, அலமாரியில் கிடக்கும் பிரேஸால் பயனில்லை.

45, 50 டிகிரியைத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். முள்ளெலும்புகளில் திருகாணி பொருத்தி, உலோகக் கம்பியோடு இணைத்து வளைவைக் குறைப்பார்கள். கம்பி காலத்துக்கும் பாரம் சுமக்க அல்ல. எலும்புகள் ஒன்றாக ஒட்டும்வரை பிடித்துவைக்கத்தான். ஒட்டாமல் போனால், ஒவ்வொரு அசைவிலும் கம்பி களைத்து, ஒருநாள் முறியலாம்.